மல்லிகைத் தொட்டியில் ஓடுள்ள நத்தை, ஓடில்லாத நத்தை: இரண்டும் ஒரே இனமா? உப்பு தூவலாமா?

இரண்டும் உறவுக்காரர்கள்தாம். சிப்பி, கணவாய் எல்லாம் அடங்கிய மெல்லுடலிகளில் வயிற்றுக்காலிகள் என்ற வகுப்பு இவற்றுடையது. ஓடில்லாதது தனி வம்சமல்ல. வெவ்வேறு நத்தைக் குடும்பங்கள் தனித்தனியே ஓட்டை இழந்ததால் வந்தவை. மதுரை வீடுகளில் குளியலறை வரை ஏறி வரும், கறுத்துத் தட்டையாக நடுமுதுகில் வெளிறிய கோடுள்ளது அந்த ரகம்.

பப்பாளிக் கன்றை மொட்டையடிப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்; அங்கிருந்து பரவியது. நீண்ட கூம்பு ஓடு, பழுப்புப் பட்டைகள். ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேவை என்பதால் வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவரையும் சுரண்டித் தின்னும். கண்மாயிலும் வயலிலும் பொறுக்கிச் சமைக்கும் நத்தை வேறு. அதன் ஓட்டு வாயில் கெட்டியான மூடி இருக்கும், இதற்குக் கிடையாது. தோட்டத்து நத்தையைச் சமைக்கக் கொண்டுபோகாதீர்கள். எலியின் நுரையீரல் புழு இதன் உடலில் இருக்கலாம். மனிதருக்குள் போனால் மூளைச்சவ்வைத் தாக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், தோட்டத்துக் கீரையை நன்றாகக் கழுவாமல் பச்சையாகத் தின்னாதீர்கள்.

உப்பைத் தொட்டியில் தூவவே வேண்டாம். நத்தை சாகும், கூடவே மண்ணில் உப்பேறி மல்லிகை இலையின் ஓரம் கருகும். உப்புக்கு இடம் வாளிதான்: 5 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ கல்லுப்பு.

பிடிக்க, நனைத்த சாக்கை அந்தியில் செடியோரம் விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடியுமுன் புரட்டினால் கும்பலாகக் கிடக்கும். கையுறையோடு பொறுக்கி வாளியில் போடுங்கள். பிறகு செடியில்லாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். இரண்டு நாள் செய்துவிட்டு நிறுத்துவதால்தான் பலருக்குப் பலனில்லை. ஒரு ஈட்டில் நூற்றுக்கு மேல் முட்டையிடும், ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் இரு உறுப்பும் உண்டு. மேல்மண்ணைக் கிளறி, ஜவ்வரிசி போன்ற வெளிர்மஞ்சள் முட்டைகளையும் அள்ளி நசுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை முழுக்க இந்த வேலையை நிறுத்தக்கூடாது.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றினாலே பாதித் தொல்லை குறையும். இரவில் ஈர மண் அவற்றுக்கு ராஜபாட்டை. சுண்ணாம்புத் தூளை வட்டமாகத் தூவுவது காய்ந்திருக்கும் வரைதான் பயன். கோடையில் ஓட்டு வாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு கல்லிடுக்கில் தூங்கும்; அப்போது பொறுக்குவது மிகச் சுலபம், யாரும் செய்வதில்லை.

நத்தைக்கொல்லி மருந்தான மெட்டால்டிஹைடு குருணை கடைசி வழி. நாய் தின்றால் வலிப்பு வந்து சாகலாம். நாய், கோழி உலவும் வீட்டில் வாங்கவே வேண்டாம். மற்றவர்கள் பாக்கெட்டில் போட்ட அளவில், குவிக்காமல், மழையில்லாத மாலையில் தூவுங்கள்.