உண்ட வீடு எது?

கேள்வி: பிரான்சில் பிறந்து, அங்கேயே ஆட்டம் கற்று, பிரான்ஸ் ஜூனியர் அணிக்கும் ஆடிவிட்டுக் கடைசியில் செனெகல் பக்கம் போய்விட்டார் கலிடு கூலிபாலி. உண்ட வீட்டுக்கு இரண்டகம் இல்லையா இது? இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்களை எப்படி நம்புவது? நம் நாடும் இதுபோல வெளிநாட்டு இந்தியர்களைப் பிடித்துவந்து ஆடவிட்டால் என்ன?
– ஒரு கால்பந்து ரசிகர், வியாசர்பாடி

பதில்: உண்ட வீடு என்கிறீர்கள். சரி, அந்த வீட்டில் 2010 நவம்பரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பிரான்ஸ் கால்பந்துச் சம்மேளனத்தின் பெரிய தலைகள் ஓர் அறையில் கூடினார்கள். இளம் வீரர்களைச் சேர்க்கும் பயிற்சி மையங்களில் இரட்டைக் குடியுரிமை உள்ள பையன்களை ஏறக்குறைய 30 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதையும் சத்தமில்லாமல் செய்துவிடலாம் என்று அங்கே பேச்சு அடிபட்டது. தேசிய அணியின் பயிற்சியாளர் லோரான் பிளாங்கும் கூட்டத்தில் இருந்தார். 2011 வசந்த காலத்தில் மெதியாபார் என்ற இணையப் பத்திரிகை விஷயத்தை உடைத்தது. தொழில்நுட்ப இயக்குநர் பிரான்சுவா பிளாகார் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிளாங் சட்டத்தை மீறவில்லை என்று விசாரணை சொன்னது. அவர் பதவியில் நீடித்தார்.

அதே 2011 கோடையில் கொலம்பியாவில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை. பிரான்ஸ் நான்காவது இடம் பிடித்தது. கிரீஸ்மனும் லாகசெத்தும் ஆடிய அந்த அணியில்தான் கூலிபாலியும் இருந்தார். பந்தியில் எத்தனை இலை போடலாம் என்று எண்ணிப் பார்த்த வீட்டில் உட்கார்ந்துதான் பையன் சாப்பிட்டிருக்கிறான். அதன்பிறகு நான்கு வருடம் பிரான்ஸ் சீனியர் அணிக்கு அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. 2015 செப்டம்பரில், 24 வயதில், நமீபியாவுக்கு எதிராக செனெகல் சட்டையைப் போட்டார். இதில் இரண்டகம் எங்கே வந்தது?

சட்டப்படியும் குற்றமில்லை. முன்பெல்லாம் ஒரு நாட்டின் ஜூனியர் அணிக்கு ஆடியவர் வேறு நாட்டுக்கு மாற நினைத்தால் 21 வயதுக்குள் முடிவு செய்தாக வேண்டும். 2009-ல் ஃபிஃபா அந்த வயது வரம்பை எடுத்துவிட்டது. சீனியர் அணிக்குப் போட்டி ஆட்டம் ஆடாதவரை ஒருமுறை மாறிக்கொள்ளலாம் என்றானது. அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் 24 வயதில் அவரால் முடிவெடுக்க முடிந்தது. 20 வயதுப் பையனிடம் 'இப்போதே சொல், நீ யார்' என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கூலிபாலி பிறந்தது 1991-ல், கிழக்கு பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் உள்ள சேன்-டியே என்ற சிற்றூரில். பெற்றோர் செனெகல்காரர்கள். (அந்த ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. 'அமெரிக்கா' என்ற பெயர் முதன்முதலில் அச்சேறியது 1507-ல் அங்கேதான். எங்கோ இருக்கும் நிலத்துக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பெயர் வைத்த ஊர்.) பக்கத்து மெட்ஸ் நகரத்துக் கிளப் அவரைச் சிறுவனாகச் சேர்த்துக்கொண்டது, பிறகு வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. ஊர் கிளப்பில் மூன்று வருடம் ஆடிவிட்டுத் திரும்பவும் மெட்ஸுக்கே போனார். அங்கிருந்து பெல்ஜியத்தின் கெங்க். 2014-ல் இத்தாலியின் நாப்போலி கிளப். பயிற்சியாளர் ரஃபா பெனிதெஸ் போன் செய்தபோது, யாரோ நண்பன் விளையாடுகிறான் என்று நினைத்து வைத்துவிட்டாராம். அவரே சொன்ன கதை இது.

நம் மைதானங்களில் ஸ்டாப்பர் என்பார்களே, கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர், அந்த இடம் அவருடையது. அந்த இடத்துக்கு ஒரு சாபம் உண்டு. ஃபார்வர்டு பத்துத் தடவை கோட்டை விட்டாலும் பதினோராவது தடவை கோல் போட்டால் தோளில் தூக்குவார்கள். ஸ்டாப்பர் 89 நிமிடம் மலையாக நின்றுவிட்டு ஒரே ஒருமுறை சறுக்கினால் போதும், ஊரே அதைத்தான் பேசும். கூலிபாலி இரண்டையும் பார்த்தவர். 2018 ஏப்ரலில் டூரினில், இத்தாலி லீக்கில் முதலிடத்தில் இருந்த யுவென்டஸுக்கு எதிராக 90-ஆவது நிமிடம் கார்னரில் எழும்பி தலையால் முட்டினார், கோல். லீக் பட்டத்துக்கான இடைவெளி ஒரே புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அடுத்த வாரமே ஃபியோரென்டினாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் அவருக்குச் சிவப்பு அட்டை. நாப்போலி 0-3 தோற்றது. 91 புள்ளி எடுத்தும் இரண்டாம் இடம்தான். 2019 ஆகஸ்டில் மறுபடி டூரின், 3-3 என்று போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் கூடுதல் நிமிடத்தில் பந்தைத் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டார். எட்டு சீசன் உழைத்துவிட்டு 2022-ல் அவர் லண்டனின் செல்சீக்குப் போனார். அவர் போன முதல் வருடமே நாப்போலி, 33 வருடம் காத்திருந்த பட்டத்தை வென்றது. விதியைத் திட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. செல்சீயில் ஒரே சீசன், அப்புறம் சவூதியின் அல் ஹிலால்.

நீங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். 2018 டிசம்பர் 26, மிலன் நகரத்தின் சான் சீரோ மைதானத்தைப் பாருங்கள். இன்டர் அணிக்கு எதிரான ஆட்டம். கூலிபாலி பந்தைத் தொடும்போதெல்லாம் ஒரு பகுதி ரசிகர்கள் குரங்குபோலச் சத்தம் எழுப்பினார்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மூன்று முறை கேட்டதாக நாப்போலி பயிற்சியாளர் அஞ்சலோட்டி பிறகு சொன்னார். ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள், ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. கடைசி பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு ஃபௌலுக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். கூலிபாலி அவர் முகத்துக்கு எதிரே நின்று கைதட்டினார். கிண்டல் செய்ததாக இரண்டாவது மஞ்சள், அதோடு சிவப்பு. பத்துப் பேராகிவிட்ட நாப்போலி கடைசி நேரத்தில் கோல் வாங்கித் தோற்றது. மைதானத்தில் எழுந்த அந்தச் சத்தம் நடுவருக்கு உறைக்கவில்லை, ஒரு மனிதன் தட்டிய இரண்டு கைகள் உறைத்துவிட்டன. இன்டருக்கு இரண்டு ஆட்டம் ரசிகர்கள் இல்லாமல் ஆட வேண்டிய தண்டனை. கூலிபாலிக்கும் இரண்டு ஆட்டம் தடை! எண்ணிக்கையில் என்ன ஒரு சமத்துவம்.

அன்றிரவு அவர் எழுதியது சில வரிகள்தான். தோல்விக்கும், தன் சகோதரர்களைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததற்கும் வருந்துவதாகச் சொன்னார். தன் தோலின் நிறத்துக்காகப் பெருமைப்படுவதாகச் சொன்னார். அப்புறம் வரிசையாக: பிரெஞ்சுக்காரன், செனெகல்காரன், நாப்போலிக்காரன், மனிதன். நீங்கள் எண்ணியது இரண்டு. அவர் எண்ணியது நான்கு. அதில் மூன்றாவதுக்கு எந்த நாட்டிலும் பாஸ்போர்ட் கிடையாது. தெற்கு இத்தாலியின் நாப்போலிக்காரர்களை வடக்கு மைதானங்களில் 'வெசூவியஸ் எரிமலையே, நெருப்பால் இவர்களைக் கழுவு' என்று பாடித் திட்டுவது வழக்கம். திட்டு வாங்குகிற ஊரைத் தன் ஊர் என்று சொன்னவர் அவர். ஊரும் சும்மா இருக்கவில்லை. அதற்கு முன்பே 2016-ல் ரோமில் லாட்சியோ ரசிகர்கள் இதே வேலையைச் செய்தபோது, அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் நாப்போலி ரசிகர்கள் கூலிபாலியின் முகத்தை முகமூடியாக அச்சடித்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நன்றிக் கணக்குப் போடுவதென்றால் இரண்டு பக்கமும் போட வேண்டும். 1998-ல் பிரான்ஸ் உலகக் கோப்பை வென்றபோது அணியில் இருந்த பாட்ரிக் வியேரா பிறந்தது செனெகலின் டக்காரில். தடுப்பாட்டத்தில் தூணாக நின்ற மார்செல் தெசாயி பிறந்தது கானாவின் அக்ராவில். அவர்கள் டக்காருக்கும் அக்ராவுக்கும் இரண்டகம் செய்தார்கள் என்று உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனால் திறமை, ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனால் துரோகமா?

2002 மே 31, சியோல். உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே நடப்பு சாம்பியன் பிரான்ஸை செனெகல் 1-0 என்று வீழ்த்தியது. கோல் போட்டவர் பாபா பூபா தியோப். செனெகலின் 23 பேரில் 21 பேர் அப்போது பிரான்ஸ் கிளப்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். எதிரே பிரான்ஸ் சட்டையில் வியேரா. யார் வீட்டில் யார் உண்டது என்று அன்று கேட்டிருந்தால் நடுவரே தலைசுற்றி விழுந்திருப்பார். சேன்-டியேயில் கூலிபாலிக்கு அப்போது பத்து வயது.

இருபது வருடம் கழித்து, 2022 நவம்பர் 29. கத்தார் உலகக் கோப்பையில் எக்குவடோரை வென்றால்தான் செனெகலுக்கு அடுத்த சுற்று. தியோப் இறந்து சரியாக இரண்டு வருடம் ஆன நாள் அது. கேப்டன் கூலிபாலியின் கைப்பட்டையில் தியோப்பின் சட்டை எண் 19 இருந்தது. 67-ஆவது நிமிடம் எக்குவடோர் சமன் செய்தது. மூன்றே நிமிடத்தில் ஒரு ஃப்ரீகிக், யார் யார் மேலோ பட்டுப் பந்து கூலிபாலி காலுக்கு வந்தது, அடித்தார், உள்ளே போனது. 2-1. தேசிய அணிக்கு அவருடைய முதல் கோல். அதற்கு முன்பு, அந்த வருடம் பிப்ரவரியிலேயே, செனெகல் முதல்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றிருந்தது. எகிப்துக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டில் முதல் உதையை அடித்தவர், கடைசியில் கோப்பையைத் தூக்கியவர் இரண்டும் இவரே. 2019 இறுதி ஆட்டத்தை அட்டைத் தடையால் வெளியே உட்கார்ந்து பார்த்தவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உங்கள் கடைசிக் கேள்விக்குச் சுருக்கமாக. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை ஆகாது; அதை வைத்துக்கொண்டு இந்திய அணிக்கு ஆட முடியாது. ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி, தந்தை இந்தியர், ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் இந்தியச் சட்டையைப் போட்டார். பெங்களூரு எஃப்.சி.யின் ரயான் வில்லியம்ஸ், தாய்வழியில் மும்பைக்காரர், ஆஸ்திரேலியாவுக்கு ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடியவர். 2025-ல் அவரும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். ஆகவே 'பிடித்துவந்தால்' என்று லேசாகச் சொல்லாதீர்கள். வருகிறவர் ஒரு வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. அப்படி வந்தவரைப் பார்த்து அவர் பிறந்த ஊரில் ஒருவர், உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று இதே கேள்வியை எழுதிப் போட்டால், அவருக்கு நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள்?