டிரையாஸ் என்பவர் யார்?

அன்புள்ள ஐயா,

பனிக்காலங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில் ‘இளைய டிரையாஸ்’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. டிரையாஸ் என்பவர் அக்காலத்தைக் கண்டறிந்த அறிஞரா? ‘மூத்த டிரையாஸ்’ அவருடைய தந்தையா? தேடிப் பார்த்தபோது ஒரு வெள்ளைப் பூவின் படமே வந்தது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படம் சரியானதுதான்; விளக்காமல் விட்டது என் பிழை. டிரையாஸ் ஆக்டோபெட்டலா, ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. ஆர்க்டிக் நிலங்களிலும் ஆல்ப்ஸ் போன்ற மலைகளின் மரமற்ற உயரங்களிலும் சரளைக் கற்களின்மேல் பாய் விரித்தாற்போலப் படர்கிறது. பூவுக்குப் பெரும்பாலும் எட்டு வெள்ளை இதழ்கள். கிண்ணம் போன்ற அந்தப் பூ சூரியனை நோக்கித் திரும்பிக்கொண்டே இருப்பதால் அதனுள் வெப்பம் சில பாகை கூடுகிறது. ஈக்கள் தேனுக்காக மட்டுமன்றிக் குளிர்காயவும் வந்து அமர்கின்றன.

ஆனால் அக்காலத்துக்குப் பெயர் தந்தது பூவன்று, இலை. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள அதன் விளிம்பு ஓக் இலையைப்போல வளைவு வளைவாக இருப்பதால், ஓக் மரத்தில் வாழ்வதாகக் கிரேக்கர் நம்பிய அணங்கின் பெயரை லின்னேயஸ் இச்செடிக்கு இட்டார். மேற்புறம் கரும்பச்சை; புரட்டினால் பஞ்சு ஒட்டியதுபோன்ற வெண்மை. தோல்போலத் தடித்த இந்த இலை ஏரிச் சேற்றில் புதைந்தால் எளிதில் மட்குவதில்லை.

டென்மார்க்கின் அல்லெரோட் என்ற ஊரில், செங்கல்லுக்குக் களிமண் எடுத்த குழியொன்றை ஆராய்ந்து ஹார்ட்ஸ், மில்தெர்ஸ் என்னும் இருவர் 1901இல் எழுதினார்கள். அடியில் டிரையாஸ் இலைகள் கொண்ட களிமண், அதன்மேல் பிர்ச் மர எச்சங்கள் கொண்ட சேறு, அதற்கும் மேலே மறுபடியும் டிரையாஸ் களிமண். பனி விலகி மரங்கள் வேரூன்றிய பிறகு குளிர் திரும்பி வந்து அவற்றை விரட்டியிருக்கிறது. நிலவியலில் கீழே கிடப்பது மூத்தது, மேலே கிடப்பது இளையது. தந்தையும் மகனும் அவ்வளவுதான். இளைய டிரையாஸ் ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. பனிப்பாளங்கள் உருகிய நன்னீர் வட அட்லாண்டிக்கில் கலந்து, வெப்பத்தைச் சுமந்து வரும் நீரோட்டத்தைத் தளர்த்தியதே காரணம் என்பது பெரும்பாலோர் கருத்து. விண்கல் விழுந்ததாகச் சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

இச்செடியைத் தேசிய மலராகக் கொண்ட ஐஸ்லாந்தில் இலைக்குத் தனிப்பெயர் உண்டு. டார்மிகன் என்னும் பனிநிலக் கோழி அதை விரும்பித் தின்பதால் ‘டார்மிகன் இலை’ என்கிறார்கள். விதை முற்றி வெண்மயிர் சிலிர்த்து நிற்கும்போது அதற்குப் பெயர் ‘கூந்தல் பொம்மை’. தாங்கள் பார்த்த படத்தில் இருந்தது பூ மட்டுமே என்றால், இவ்விரண்டையும் தேடிப் பாருங்கள்.