சின்னப் பிள்ளைகளோடு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஆல்வர்ட் பாலைவனத்தில் டென்ட் போட்டுத் தங்கலாமா?

தாராளமாகத் தங்கலாம். நாங்கள் ஒரு செப்டம்பரில் போனோம். மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள், மகன் கொஞ்சம் பெரியவன். கிளம்பும் முன் எல்லோரும் வெயிலையும் பாம்பையும் சொல்லிப் பயமுறுத்தினார்கள். அங்கே பயப்பட வேண்டியது மழைக்கும் காற்றுக்கும்தான்.

ஆல்வர்டில் மணல் மேடுகளைத் தேடாதீர்கள். அது வற்றிப்போன ஏரிப் படுகை, ஏறக்குறைய 19 கி.மீ. நீளம், கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டர். மேற்கே நிற்கும் ஸ்டீன்ஸ் மலை (2,967 மீட்டர்) மேகங்களை மறித்துவிடுவதால் வருடம் முழுக்க 18 செ.மீ. அளவுதான் மழை. ஆனால் பெய்துவிட்டால் அந்தக் களிமண் தரை மேலே காய்ந்தாற்போல் தெரியும், உள்ளே சேறாக இருக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் புதைந்துவிடும். செல்போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் மலைமேல் கருமேகம் திரண்டால் சமையல் பாதியில் இருந்தாலும் மூட்டை கட்டிவிடுங்கள்.

காற்று எங்களை நன்றாகவே சோதித்தது. கயிறு கட்ட ஒரு மரம்கூடக் கிடையாது. டென்ட் எழும்பி உருளப் பார்த்தபோது, "அதை விடுங்க, பிள்ளைங்கள காருக்குள்ள ஏத்துங்க" என்றாள் மனைவி. அன்றிரவு நால்வரும் காரில்தான் தூங்கினோம். குளிருக்கும் அதுவே வசதியாக இருந்தது (பகலில் அரைக்கை சட்டை, விடியற்காலையில் கம்பளித் தொப்பி).

இருட்டியதும் டென்டைச் சுற்றி விளக்கு வையுங்கள். படுகையில் சாலை என்று ஒன்று கிடையாது, வண்டிகள் எந்தப் பக்கமிருந்தும் வரும். 1976-ல் ஸ்டன்ட் வீராங்கனை கிட்டி ஓ'நீல் மணிக்கு 825 கி.மீ. வேகத்தில் ராக்கெட் வண்டி ஓட்டிய இடம் இதுதான் என்று சொன்னதிலிருந்து என் மகன் காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான்.

வடக்கே மிக்கி வெந்நீர் ஊற்றுகள் பக்கம் பிள்ளைகளின் கையை விடவே கூடாது. தண்ணீர் கொதிக்கும், ஓரத்துத் தரையும் உறுதியில்லை.

பர்ன்ஸ் ஊரிலேயே டேங்கை நிரப்பி, தண்ணீரும் ஏற்றிக்கொள்ளுங்கள். அதன்பின் ஏறக்குறைய 180 கி.மீ. தள்ளி ஃபீல்ட்ஸ் என்ற சிற்றூரில் ஒரே ஒரு கடையும் பெட்ரோல் பம்பும் இருக்கின்றன. அங்கே மில்க் ஷேக்கைத் தவறவிடாதீர்கள். படுகையில் கழிப்பறை கிடையாது, கழிவை எல்லாம் நீங்கள்தான் கட்டி எடுத்து வர வேண்டும். இது ஒத்துவராது என்றால் ஃபிரெஞ்ச்கிளென் பக்கத்தில் பேஜ் ஸ்பிரிங்ஸ் முகாமில் தங்கிக்கொண்டு, ஆல்வர்டைப் பகலில் மட்டும் போய்ப் பாருங்கள். அந்த முகாமில் ஆறு, மரநிழல், குடிநீர், கழிப்பறை எல்லாம் உண்டு. கோடைத் தொடக்கத்தில் கொசுவும்.