கோர்ட்டில் "குற்றவாளி இல்லை" என்று தீர்ப்பு வந்துவிட்டால், அந்த வழக்கே இல்லாத மாதிரிதானே?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் யாரோ வாய்தாவுக்கு அலைகிறார்கள் என்று நினைக்கிறேன். சட்டப்படி விடுதலை விடுதலைதான். மேல்முறையீட்டில் மாறாதவரை, அதே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. ஆனால் எந்த வார்த்தையில் விடுதலை ஆனீர்கள் என்பதைப் பாருங்கள்.

2013-இல் வரப்புத் தகராறில் பங்காளி கொடுத்த புகாரில் அப்பா, சித்தப்பாவோடு என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(b), 323, 506(ii) பிரிவுகள், அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, கொலை மிரட்டல் விட்டது. அன்று நான் ஊரிலேயே இல்லை, காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். நான்கு வருடம் வாய்தா. கோர்ட் எழுத்தில் நாங்கள் "எதிரிகள்", அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள். அதில் நான் மூன்றாம் எதிரி. கடைசியில் கோயில் கொடைக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். பங்காளியும் கூண்டில் ஏறி, "யார் அடிச்சாங்கன்னு சரியா தெரியலீங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னதை மாற்றிச் சொல்லும் இப்படிப்பட்டவர்தான் பிறழ் சாட்சி. அம்மா அன்று வீட்டில் பாயசம் வைத்தார்.

தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தை அன்று நாங்கள் யாரும் படிக்கவில்லை. "சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து, கு.வி.மு.ச. பிரிவு 248(1)-ன்படி விடுதலை" என்று இருந்தது. கு.வி.மு.ச. என்றால் குற்ற விசாரணை முறைச் சட்டம். சந்தேகத்தின் பலன் என்றால், குற்றம் சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படாததால் விடுகிறோம் என்று அர்த்தம்.

அதன் பிறகு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதினேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தேன். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கவில்லை. ஆனாலும் நிராகரித்துவிட்டார்கள். சந்தேகத்தின் பலனிலோ, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலை ஆனவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காவலர் பணி விதியே சொல்கிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றிருக்கிறது. 'கண்ணியமான விடுதலை', அதாவது களங்கமே இல்லாத விடுதலை, என்ற சொல் குற்ற விசாரணை முறைச் சட்டத்திலேயே கிடையாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாட்சியங்களை முழுதாக விசாரித்து, அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கவே இல்லை என்று கோர்ட் கண்டால் அப்படிச் சொல்லலாமாம். எங்கள் வழக்கில் விசாரிக்க என்ன மிச்சம் இருந்தது?

வக்கீல்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். போலீஸ் வேலைக்குச் சுத்தமான ஆள் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஹாஸ்டல் வருகைப் பதிவேட்டைக் கோர்ட்டில் காட்டியிருக்கலாமே என்றுதான் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. சமாதானம் ஆகிவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தமில்லைதான். அந்த நான்கு வருடமும் எங்களோடு வந்த அம்மாவுக்கு அந்த வளாகத்தில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை, பெண்களுக்கான கழிப்பறை பூட்டியே கிடந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேப்பமரத்தடியில் நிற்பார்.

உங்கள் வீட்டுப் பையன் அரசு வேலைக்குப் படிக்கிறான் என்றால், சமாதானத்துக்குத் தலையாட்டும் முன் வக்கீலிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.