டொமைன் உரிமையாளர் விவரத்தை மறைத்துவிட்டால் போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஒரு டொமைன் (இணையதளப் பெயர்) யாருடையது என்று பார்க்கும் ஹூயிஸ் பதிவேட்டில் தேடினால் பெயர், முகவரி எதுவும் வருவதில்லை, இது மோசடிக்காரர்களுக்குத்தானே வசதி என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு வசதிதான். டொமைன் விற்கும் நிறுவனமொன்றில் புகார்களைக் கையாளும் வேலையில் இருந்தவன் நான். 2018 மே மாதம் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பெரும்பாலான விவரங்கள் திறந்தே கிடந்தன. ஆனால் ஏமாற்ற வருகிறவன் சொந்தப் பெயரையா எழுதுவான்? பெயர் பொய், தெரு பொய். மெயில் ஐடி மட்டும் பெரும்பாலும் உண்மையாக இருக்கும், டொமைனை நிர்வகிக்க அது வேண்டுமே. அதே ஐடியில் வேறு எந்தெந்த டொமைன்கள் வாங்கப்பட்டன என்று தேடினால் கூட்டமே சிக்கும். புலனாய்வாளர்கள் உண்மையில் இழந்தது இந்தத் தேடலைத்தான்.

இப்போதும் ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து விற்ற நிறுவனம்) யார், என்று பதிவானது என்பதெல்லாம் தெரியும். மீதியை அந்த ரிஜிஸ்ட்ராரிடம் எழுதிக் கேட்க வேண்டும். இதற்காக, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 2023 நவம்பரில் ஆர்டிஆர்எஸ் என்ற பொது வழியைத் திறந்தது. அது விண்ணப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். கொடுப்பதா வேண்டாமா என்பது ரிஜிஸ்ட்ராரின் முடிவு. அவர் வெளிநாட்டில் இருந்தால் உள்ளூர் நீதிமன்ற உத்தரவு அங்கே நேரடியாகச் செல்லாது. அரசுகள் வழியாகக் கேட்டால் மாதக்கணக்கில் ஆகலாம். ஐரோப்பாவின் இணையப் பாதுகாப்புக்கான நிஸ்-2 நெறிமுறை, முறையான கோரிக்கைக்கு 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது.

எனக்கு இதைவிடத் தலைவலியாக இருந்தது வேறு. ‘நான் போலீஸ், அவசரம்’ என்று வரும் மெயில் நிஜமாகவே போலீஸ் அனுப்பியதா? போலீஸ் மெயில் கணக்கையே திருடி இப்படிக் கேட்பவர்கள் உண்டு. மெயிலில் இருக்கும் நம்பரை நம்பாமல், அந்த அலுவலகத்தின் நம்பரைத் தனியே தேடிப் பிடித்துப் பேசுவோம். அதற்குள் அதிகாரிக்குக் கோபம் வந்துவிடும். வரட்டும். யாரிடமிருந்தோ ஒளிந்து வாழும் ஒரு பெண்ணின் முகவரி தவறான கைக்குப் போனால் திரும்ப வாங்க முடியாது. அதனால் மறைத்தது சரி என்பதுதான் என் கட்சி. கேட்பவர் யாரென்று உறுதிசெய்ய ஒரு பொது ஏற்பாடு இல்லாததுதான் குறை.

நீங்களே ஏமாந்திருந்தால் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ரிஜிஸ்ட்ராரின் புகார் முகவரி இன்றும் பொதுவில்தான் இருக்கிறது. முழு லிங்க், ஸ்கிரீன்ஷாட், வந்த மெயிலின் ஹெடர் (அது எந்த வழியாக வந்தது என்ற விவரம்) எல்லாவற்றையும் அங்கே அனுப்புங்கள். ஃபிஷிங் (போலித் தளம், மெயில் மூலம் ரகசிய விவரங்களைப் பறிப்பது) என்பதற்கு ஆதாரம் இருந்தால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் ஐகான் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. போலீஸ் புகாரை அப்புறம் தனியாகக் கொடுங்கள், அதே நாளில்.