முழு மயக்கத்தில் பல் சிகிச்சை: குழந்தையை எப்படித் தயார்செய்வது?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. எட்டுப் பற்களில் சொத்தை. நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்கிறாள். முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் பல் மருத்துவர். அடுத்த வாரம், காலை 8 மணிக்கு மயக்கம் கொடுப்பார்களாம். அதுவரை பசி தாங்குவாளா? அவளிடம் என்ன சொல்வது?

பதில்: பசியைத் தாங்குவாள். தாகத்தைத்தான் தாங்க மாட்டாள். அதற்கு வழி இருக்கிறது.

மயக்கத்தில் இருமலும் விழுங்குவதும் அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறினால், தடுக்க ஆளில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் திட உணவு, பசும்பால், பவுடர் பால் மூன்றையும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம். தண்ணீரை 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். மயக்க மருத்துவர் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

உங்கள் மகளுக்கு இரவு 2 மணிக்கு மேல் உணவோ பாலோ கூடாது. தூக்கத்தில் பால் பாட்டில் கேட்கும் பழக்கம் இருந்தால் இதில்தான் தவறு நடக்கும். இரவுச் சாப்பாட்டை வயிறாரக் கொடுங்கள். எண்ணெயில் பொரித்தது வேண்டாம், செரிக்க நேரமாகும். காலை 5.30-க்கு எழுப்பி அரை டம்ளர் தண்ணீர் கொடுங்கள். பயந்துபோய் இரவிலிருந்தே தண்ணீரையும் நிறுத்திவிடும் பெற்றோர் பலர். நீர் வற்றிய குழந்தை கூடுதலாக அழும். ஊசி போட நரம்பும் சிக்காது. கிளம்பும் அவசரத்தில் பாட்டியோ அண்ணனோ ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சை தள்ளிப்போகும், அவ்வளவுதான். மறைப்பதுதான் ஆபத்து.

காய்ச்சல், சளியோடு இருமல், மூச்சிரைப்பு இருந்தால் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். சளி பிடித்த மூச்சுப்பாதை மயக்கத்தின்போது சட்டென்று இறுகிக்கொள்ளும் என்பதால் சில வாரம் ஒத்திவைப்பார்கள். ஆடும் பல், ஒவ்வாமை, தினசரி மாத்திரைகள், ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் நேர்ந்த சிக்கல் ஆகியவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகப் படிக்காது.

நான்கு வயதுக்கு ஒரு நாள் முன்பு சொன்னால் போதும். “மருந்து கொடுத்துத் தூங்க வைப்பாங்க. தூங்கும்போது பல்லைச் சரிசெய்வாங்க. முழிச்சதும் அம்மா பக்கத்துல இருப்பேன்.” இதற்கு மேல் வேண்டாம். கடைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை உங்களையே நம்ப மாட்டாள். எந்தப் பற்களைப் பிடுங்கப் போகிறார்கள் என்று முன்பே கேட்டு, அதையும் சொல்லுங்கள். இரண்டாவது முறை மயக்கம் கொடுக்கக் கூடாது என்பதற்காக, தேறுமா என்று சந்தேகமுள்ள பல்லை அடைக்காமல் எடுத்துவிடுவதுண்டு. விழித்ததும் நாக்கு வெற்றிடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது அவள் திடுக்கிடக் கூடாது.

மாஸ்க் வைத்து மயக்கம் கொடுக்கும்போது உங்களை உள்ளே விட்டால், ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு நிமிடத்துக்குள் கண் மேலே செருகும், கை கால் உதறும், குறட்டை வரும். பார்க்கப் பயமாக இருக்கும். அது வழக்கமாக நடப்பதுதான். அவளுக்கு அது நினைவிருக்காது.

விழிக்கும்போது சில குழந்தைகள் யாரென்றே தெரியாததுபோல் கதறுவார்கள், அம்மாவையே தள்ளுவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே அடங்கும். வெளிச்சத்தைக் குறைத்து, அடிபடாமல் அணைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டு எழுப்ப வேண்டாம். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தால் லேசாக ரத்தம் கசியலாம், தொண்டை கரகரக்கலாம்.

உதடு மரத்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் கண்ணை எடுக்காதீர்கள். உணர்ச்சியில்லாத உதட்டை மென்றே புண்ணாக்கிக்கொள்வார்கள். பாராசிட்டமாலை எடைக்கேற்ப, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, மருத்துவர் சொன்ன இடைவெளியில் கொடுங்கள். முதல் 24 மணி நேரம் ஸ்ட்ரா வேண்டாம். உறிஞ்சினால் ரத்தக்கட்டி பெயரும். எச்சில் இளஞ்சிவப்பாக வந்தால் கவலையில்லை. ரத்தம் வழிந்தால், ஈரத்துணியை மடித்துப் பல் எடுத்த இடத்தில் வைத்து 15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.