ஊசி குத்தினால் கட்டி பரவுமா?

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது. இடது மார்பில் கட்டி. மாமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) பைராட்ஸ் 5 என்று வந்திருக்கிறது. டாக்டர் கோர் பயாப்ஸி (ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்கிறார். "ஊசி குத்தினால் பரவிடும், மொத்தமா அறுத்து எடுத்திடுங்க" என்று திருநெல்வேலியிலிருந்து பெரியம்மா தினமும் போன் செய்கிறார். என்ன செய்வது?

பதில்: பயாப்ஸி எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஊசி போட்ட சில மாதங்களில் இறந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்புதான். ஊசி போகும் வழியில் ஓரிரு செல்கள் இடம் மாறலாம். அவை அங்கே தங்கி வளர்வது மிக அரிது.

நேராக அறுப்பதில்தான் எனக்குக் கவலை. பைராட்ஸ் 5 என்றால் புற்றுநோயாக இருக்க 95 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. ஆனால் எந்த வகை என்று படம் சொல்லாது. வகையைக் காட்டும் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) பரிசோதனைகளைத் திசுவில்தான் செய்ய முடியும். சில வகைகளில் முதலில் மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன். அவசரமாகக் கட்டியை எடுத்துவிட்டால் அந்த வழி அடைபடும். ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டிவரும்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சில மெல்லிய துண்டுகள் எடுப்பார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல 'டக்' என்று சத்தம் வரும். அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், திடுக்கிட மாட்டார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திசு பாட்டிலை உங்கள் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்பினால், உள்ளே ஃபார்மலின் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) இருக்கிறதா, அம்மாவின் பெயரும் 'இடது' என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். நாள்கணக்கில் ஃபார்மலினில் கிடந்தால் ஈஆர், பிஆர் முடிவு தவறாக வரலாம்.

ரிப்போர்ட்டில் 'புற்றுநோய் இல்லை' என்று வந்தாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பைராட்ஸ் 5 படத்துக்கு அது பொருந்தாது. ஊசி சரியான இடத்தில் படாமல் போயிருக்கலாம். மறுபடியும் திசு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புற்றுநோய் என்று வந்தால் லேபில் ரிப்போர்ட்டோடு, திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். பரேலில் இருக்கும் டாட்டா மெமோரியலில் அவற்றைக் கொடுத்தால், அங்குள்ள நிபுணர்கள் மறுபடியும் பார்த்துச் சொல்வார்கள்.